நாலாவது மூச்சு

கேம்பர்வேனின் ஜன்னல்களில் நான்கு இடங்களில் மூச்சு படிந்திருந்தது. உள்ளே தூங்கியவர்கள் மூன்று பேர்.

பூங்கோதை படுத்தபடியே எண்ணினாள். ஓட்டுநர் இருக்கைக்கு மேலே, பரண் மாதிரி இருந்த படுக்கையில் குறட்டை விட்டுக்கொண்டிருந்த கணவன் பழனிவேலின் தலைமாட்டில் பெரிய வெண்வட்டம் ஒன்று, ஓரத்தில் நீர் கோத்து வழிந்துகொண்டிருந்தது. பின்கட்டிலில் அவள் பக்கத்துக் கண்ணாடியில் ஒன்று. அந்தப் பக்கம் போர்வைக்குள் சுருண்டு கிடந்த ஆறு வயது மகள் ரஷ்மியின் வாய்க்கு நேரே சின்னதாக ஒன்று. நான்காவது, கதவை ஒட்டிய சாப்பாட்டு மேசையின் தாழ்வான ஜன்னலில். அங்கே யாரும் படுக்கவில்லை. ரஷ்மியுடையதைப் போலவே உள்ளங்கை அளவுதான் இருந்தது. அவள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே சற்றுச் சுருங்கி, மறுபடி விரிந்தது.

எழுந்து போய் சால்வை நுனியால் துடைத்தாள். போகவில்லை. அழுத்தித் துடைத்தாள். கண்ணாடி கீச்சிட்டதே தவிர வட்டம் அப்படியே இருந்தது. அது வெளிப்பக்கம் படிந்திருந்தது.

வெளியே விடிந்தும் விடியாத சாம்பல் வெளிச்சத்தில் புல்வெளி காலியாகக் கிடந்தது. பனியாக இருக்கும் என்று சொல்லிக்கொண்டு ரஷ்மியிடம் திரும்பி, அவள் முதுகில் உள்ளங்கையை வைத்து மூச்சை எண்ணத் தொடங்கினாள். அது அவளுக்குப் பழகிப்போன வேலை. போன குளிர்காலத்தில், மவுண்ட் ரோஸ்கில் வாடகை வீட்டின் ஈரச் சுவர்களுக்கு நடுவே குழந்தைக்கு நெஞ்சில் சளி கட்டி, பதினோரு நாள் ஆஸ்பத்திரியில் வைத்திருந்தார்கள். வீட்டுக்கு வந்த பிறகும் இருமல் விடவில்லை. இரண்டு குட்டி இருமல், அதன் பின்னே விசில் மாதிரி நீளும் ஒரு இழுப்பு. ஆயிரம் குழந்தைகள் இருமினாலும் பூங்கோதைக்கு அந்த விசில் தெரியும். குளிர் மட்டும் படாமல் பார்த்துக்கொள்ளுங்கள் என்று டாக்டர் சொன்ன ஒரே வரியைப் பிடித்துக்கொண்டுதான் அவள் அன்றிலிருந்து நாட்களை ஓட்டினாள்.

அதனால்தான் கோடை விடுமுறைக்கு ஆக்லாந்திலிருந்து ஐந்து மணி நேரம் தெற்கே, மலைமேல் வண்டியிலேயே தங்கும் முகாமுக்கு வேன் எடுத்துப் போகலாம் என்று பழனிவேல் சொன்னபோது அவள் முகம் இறுகியது. இந்த நாட்டில் ஜனவரிதானே நல்ல கோடை, எங்கே குளிர் என்று அவன் சிரித்தான். அவள் நான்கு போர்வை, இரண்டு வெந்நீர்ப் பை, கம்பளிக் காலுறைகள், குரங்குக் குல்லா, நீலகிரித் தைலம் எல்லாம் ஏற்றினாள். பாபகூரா தாண்டும்போது வெயில் சுள்ளென்று அடித்தது. ரஷ்மியின் தலையில் குல்லாவைப் பார்த்து அவன், "கோதை, எஸ்கிமோ கூட்டத்துக்குப் பொண்ணு பாக்கப் போறோமா?" என்று கேட்டுவிட்டுத் தானே சிரித்துக்கொண்டான்.

மலைமேல் வந்து முதல் இரவே அவன் சிரிப்பு அடங்கிவிட்டது. தலைமாட்டில் வைத்த தண்ணீர் பாட்டில் பல் கூசும் அளவுக்குக் குளிர்ந்திருந்தது.

அன்று பகலில் ரஷ்மி மேசை ஜன்னலைவிட்டு நகரவில்லை. கண்ணாடியில் ஊதுவாள், காத்திருப்பாள், பிறகு ஊதுவாள். என்ன விளையாட்டு என்று கேட்டதற்குத் திரும்பாமலே, "ஷீ இஸ் கோல்ட்ம்மா" என்றாள். யார் என்று கேட்டாள் பூங்கோதை. குழந்தை தோளைக் குலுக்கினாள். முகாமில் வேறு வண்டி எதுவும் இல்லை. பழனிவேல், தனியாக வளரும் பிள்ளை அப்படித்தான், ஒரு கூட்டாளியை உண்டாக்கிக்கொள்ளும் என்றான்.

சாயங்காலம் தெற்கிலிருந்து காற்று வந்தது. முதலில் புல் படுத்தது. பிறகு வேனின் தகரம் எங்கோ ஒரு மூலையில் தட்டத் தொடங்கியது. கூரைக் காற்றுப்போக்கி வழியாக, தரையோரத்துச் சின்னத் துளைகள் வழியாகக் குளிர் விரல்விரலாக உள்ளே வந்தது. வண்டியின் ஹீட்டர் சற்று நேரம் உறுமிவிட்டு நின்றுபோனது. ரஷ்மி இருமினாள். இரண்டு இருமல். விசில்.

பூங்கோதை யோசிக்கவில்லை. கூரைத் துளையில் ஒரு குளியல் துண்டைத் திணித்தாள். தரைத் துளைகளில் பழைய கைலியைக் கிழித்து அடைத்தாள். மிளகு ரசம் வைத்துத் தாளிக்கும்போது மேலே இருந்த, புகைக்கும் நச்சுக் காற்றுக்கும் எச்சரிக்கும் அலாரம் காது கிழியக் கத்தியது. வீட்டிலும் அது அப்படித்தான், கடுகும் மிளகாயும் எண்ணெயில் விழுந்தால் போதும். வீட்டில் செய்வதையே இங்கும் செய்தாள். பெட்டியிலிருந்து, குளிக்கும்போது தலை நனையாமல் மாட்டும் ஷவர் கேப்பை எடுத்து அலாரத்துக்கு மாட்டிவிட்டாள். ரசம் இறங்கிய பிறகும், கதகதப்பாக இருக்கட்டும் என்று கேஸ் அடுப்பின் ஒரு வளையத்தைச் சிறியதாக எரியவிட்டாள். நீல நாக்குகள். தைல வாசனை, பெருங்காய வாசனை, ஈரக் கம்பளியின் வாசனை. வெகு நேரத்துக்குப் பிறகு ரஷ்மியின் கன்னத்தில் நிறம் வந்தது.

மூவரும் மேசையில் தட்டை வைத்தபோது குழந்தை சாப்பிடாமல் ஜன்னலையே பார்த்தாள். அவளுக்கும் வேணுமாம், கேட்கிறாள் என்று ஆங்கிலத்தில் சொன்னாள். பூங்கோதைக்கு அலுப்பு. ஒரு வாய் உள்ளே போனால் போதும் என்று இருந்தது. வீட்டு வாசலில் நிற்பவர்களிடம் சொல்வதைப்போல, கையில் உருட்டிய சோற்றுடன், பொய்க்குச் சொன்னாள்.

"சரி, அவளையும் உள்ள வரச் சொல்லு. சாப்பிட்டுட்டுப் போகட்டும். நீ மொதல்ல வாயத் திற."

ரஷ்மி இறங்கிப்போய்க் கதவைத் திறந்தாள். ஈரத்துணியால் அறைந்தாற்போல ஒரு குளிர் உள்ளே வந்து, மேசையைச் சுற்றி, நின்றது. பழனிவேல் திட்டிக்கொண்டே எழுந்து கதவைச் சாத்தினான்.

பாத்திரம் கழுவும்போது மேசை ஜன்னலைப் பார்த்தாள். உள்ளங்கை அளவு வட்டம் அங்கேயே இருந்தது. காரணமில்லாமல் விரலால் தொட்டாள்.

இப்போது அழிந்தது.

விரல் நுனியில் ஈரம். அதை நைட்டியில் துடைத்தாள். தான் இவ்வளவு நேரம் அடுப்படியில் நின்றதால் வந்த ஆவி என்று நினைத்துக்கொண்டாள். விளக்கை அணைத்தாள்.

விழித்தபோது குளிரவில்லை.

அதுதான் முதலில் உறைத்தது. வெதுவெதுப்பாக, சுகமாக இருந்தது. தலை மட்டும் கல்லாகக் கனத்தது. காற்று நின்றிருந்தது. ஜன்னல்களில் விடியலின் மங்கல் வெளிச்சம். பழக்கத்தில் எண்ணினாள். மேலே ஒன்று. தன்னுடையது ஒன்று. ரஷ்மியின் ஜன்னலில் இரண்டு.

அடுத்தடுத்து இரண்டு வட்டங்கள். ஒன்று நிதானமாக விரிந்து சுருங்கியது. இன்னொன்று ஒரு காசு அளவுதான். ஓரங்கள் உலர்ந்துகொண்டிருந்தன.

அடுப்பில் நீல நாக்குகள் காற்றுப் போதாமல் மஞ்சளாகியிருந்தன.

எழுந்தாள். கால் தன்னுடையதாக இல்லை. ஷவர் கேப்பைப் பிடித்து இழுத்தாள். அலாரம் அலறியது. ஏங்க, ஏங்க என்று கத்தினாள், குரல் வந்ததா தெரியவில்லை. கதவைத் தள்ளித் திறந்தாள். திரும்பிப் போர்வைக்குள் கையை விட்டாள். ஒரு சின்னக் கை அவள் கையைப் பிடித்துக்கொண்டது. இழுத்தாள். குல்லா, ஸ்வெட்டர், காலுறை. மார்போடு அணைத்துக்கொண்டு புல்லில் போய் விழுந்தாள். பழனிவேல் தவழ்ந்து வெளியே வந்து வாந்தி எடுத்தான்.

குழந்தை அவள் மடியில் கண் திறந்து பார்த்தது. இருமவில்லை.

"உள்ள இன்னொண்ணு இருக்குங்க," என்றாள் பூங்கோதை. "போய்ப் பாருங்க. போர்வைக்குள்ள."

அவன் மூக்கைப் பொத்திக்கொண்டு போய் அடுப்பை அணைத்தான். கட்டிலில் போர்வையை உதறினான். வெறும் மெத்தை. வந்து அவள் தலையில் கை வைத்தான்.

"யாரும் இல்ல, கோதை. கேஸ் உனக்குத் தலைக்கு ஏறிடுச்சு. பொண்ணு உன் மடியிலதான இருக்கா."

இருந்தாள். அந்த வெதுவெதுப்பான வண்டிக்குள்ளிருந்து வந்த கை ஏன் இப்படிச் சில்லென்று இருக்கிறது என்று மட்டும் அவளுக்கு ஒரு நொடி தோன்றியது. பிறகு அதை நினைக்க நேரமில்லை.

அருகிலிருந்த ஊரின் ஆஸ்பத்திரியில் மூன்று பேருக்கும் ஆக்சிஜன் வைத்தார்கள். துளைகளை ஏன் அடைத்தீர்கள், அலாரத்தை ஏன் மூடினீர்கள் என்று நர்ஸ் கேட்டாள். டாக்டர் ரஷ்மியின் நெஞ்சில் ஸ்டெதஸ்கோப்பை வெகு நேரம் நகர்த்தி நகர்த்திக் கேட்டுவிட்டு, பழைய சளியின் சத்தம் துளிகூட இல்லை, இவ்வளவு அமைதியான நெஞ்சைத் தான் கேட்டதேயில்லை என்றார். பழனிவேல் அழுதேவிட்டான்.

திரும்பும் வழியெல்லாம் மேசையின் தாழ்வான ஜன்னலில் உள்ளங்கை அளவு வெள்ளையாக ஒன்று இருந்தது. நூறு கிலோமீட்டர் வேகத்தில், பாபகூராவின் உச்சி வெயிலில், அது போகவில்லை. பூங்கோதை அதைத் துடைத்துப் பார்க்கவில்லை. கண்ணை மூடிக்கொண்டாள்.

வீட்டில் எல்லாம் நல்லபடியாக இருப்பதுபோல்தான் இருந்தது. குழந்தை கேட்டதைச் சாப்பிட்டாள். இருமவில்லை. ஜனவரிப் புழுக்கத்தில் குல்லாவைக் கழற்ற மறுத்தாள், நான்கு போர்வையையும் கேட்டாள், அவ்வளவுதான். பழனிவேல் மலைக்காற்றுதான் மருந்து என்று ஆபீஸில் எல்லோரிடமும் சொன்னான். அவள் மட்டும் குழந்தையின் முதுகில் கை வைத்து எண்ண உட்காருவாள், பாதியில் கையை எடுத்துவிடுவாள். எண்ணுவதற்கு அங்கே எதுவும் அசையவில்லை என்பதை மனதுக்குள்கூடச் சொல்லிக்கொள்ள அவளுக்குப் பயமாக இருந்தது.

மூன்றாம் நாள். இரவு ஒன்பது மணிக்கும் வானத்தில் வெளிச்சம் மிச்சம் இருந்தது. அடுத்த வீட்டில் கறி சுடும் புகை. தெருவில் கார் கதவுகள். ரஷ்மியின் அறையில் புழுக்கம் தாங்கவில்லை. ஜன்னலைத் திறக்கலாம் என்று பூங்கோதை திரையை விலக்கினாள்.

கண்ணாடியில் உள்ளங்கை அளவு மூச்சு.

முந்தானையால் துடைத்தாள். போகவில்லை.

வெளியே ஒரு இருமல். இன்னொன்று. பிறகு விசில்.

அவள் கை தாழ்ப்பாளுக்குப் போனது. ரஷ்மி என்று வாயசைத்தாள். சத்தம் வரவில்லை. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் வட்டம் சட்டென்று விரிந்தது, குரல் கேட்டதுபோல.

பின்னால் கட்டில் முனகியது. காலுறை போட்ட பாதங்கள். தரையில் இறங்கின. வந்தன.

"டோன்ட் லெட் ஹர் இன்," என்றது, மிகவும் அன்பாக. "ஷீ இஸ் கோல்ட்."

தாழ்ப்பாளின் மேல் இருந்த அவள் கைமீது ஒரு சின்னக் கை வந்து அமர்ந்தது. ஐஸ். அவள் திருகினாள். கை அசையவில்லை. அழுத்தியது. எலும்பு வரை குளிர் ஏறியது. கணவனைக் கூப்பிட வாயைத் திறந்தாள். வெறும் வெண்புகைதான் வந்தது.

கண்ணாடியில் வட்டம் சுருங்கியது. உள்ளங்கை. காசு. மிளகு.

மறுபடி விரியும் என்று அவள் பார்த்துக்கொண்டே நின்றாள்.