இறுகாத வெண்கரு

மலாயாவை ஜப்பான்காரர்கள் பிடித்திருந்த காலம். அந்த ஞாயிற்றுக்கிழமை பிற்பகல் மூவார் ஊரிலிருந்த வீட்டில் இருந்தவர்கள் இவர்கள்: குடும்பத்தின் மூத்தவர் சந்தனசாமி, முதல் நாளே ஜொகூர் பாருவிலிருந்து வந்தவர்; அவருடைய தங்கை ஐலீன்; ஐலீனின் கணவன் கேப்ரியல், ஜப்பானிய ராணுவ அலுவலகத்தில் மொழிபெயர்ப்பாளன்; சந்தனசாமியின் தம்பி செபஸ்தியனுடைய மனைவி லூசி. செபஸ்தியன் இல்லை. அவர் காவலில் இறந்துவிட்டார் என்று ஜப்பான்காரர்கள் சொல்லியனுப்பி, அன்று காலைதான் கோவிலில் முப்பதாம் நாள் பூசை முடிந்திருந்தது. வெளியார் யாரும் உள்ளே வரவில்லை. பார்த்ததாகச் சொல்கிறவர்கள் எல்லோரும் வேலிக்கு வெளியே நின்றவர்கள்.

முதலில் முட்டை.

மற்ற மூவரின் தட்டிலும் அவித்த மரவள்ளிக்கிழங்கு இருந்தது. கேப்ரியலுக்கு மட்டும் முட்டை. ராணுவ அலுவலகத்திலிருந்து அவனுக்கு வருவது. லூசி அதைப் பானையிலிருந்து கரண்டியால் எடுத்து அவன் முன்னால் வைத்தாள். அவன் மேசை விளிம்பில் தட்டி ஓட்டைப் பிரித்தான். விரல் சுட்டது. சுட்ட விரல்களுக்கிடையே வெண்கரு தண்ணீராக வழிந்து தட்டில் பரவியது.

"என்னம்மா லூசி, தண்ணி கொதிக்கலையா?"

"கொதிச்சுச்சுண்ணே. கிழங்கு வேகுற நேரம் பூரா அதுலதான் கிடந்துச்சு. ஒரே பானை."

கிழங்கு பொலபொலவென்று வெந்திருந்தது. அவன் இரண்டாவது முட்டையைத் தட்டினான். அதுவும் வழிந்தது. ஆவி பறந்தது, இறுகிய துணுக்கு ஒன்றுகூட இல்லை.

"ஜப்பான்காரன் கொடுத்த முட்டையாச்சே மாப்பிள்ளை," என்றார் சந்தனசாமி, தட்டிலிருந்து தலை தூக்காமல். "நம்ம வீட்டு அடுப்புக்கு அடங்குமா?"

ஐலீன் சிரிக்கவில்லை. கேப்ரியல் சிரித்தான். சிரிப்பு வாயைவிட்டுப் போன பிறகும் அவன் தட்டையே பார்த்துக்கொண்டிருந்தான். இதே மேசையில்தான் செபஸ்தியன் முட்டையை வைத்து அவனுக்குப் பாடம் காட்டியிருந்தார்.

வீடு அப்போது செபஸ்தியனுடையது. தோட்டத்து ஆய்வுக்கூடத்தில் வெள்ளைக்காரத் துரையின் கீழ் வேலை பார்த்தவர்களுக்குக் கொடுத்த வீடு. துரை ஓடிப்போன பிறகும் செபஸ்தியன் ஆய்வுக்கூடத்தை மூடவில்லை. பச்சைப் பப்பாளிக்காயைக் கீறி, வடியும் பாலைக் காயவைத்துத் தூளாக்கி, அது இறைச்சியையும் தோலையும் எப்படிக் கரைக்கிறது என்று ஆராய்ந்துகொண்டிருந்தார். ஒரு நாள் மாலை இரண்டு கண்ணாடிக் குவளைகளில் அவித்த வெண்கருத் துண்டைப் போட்டு, இரண்டிலும் அந்தத் தூளைத் தூவினார். மறுநாள் ஒரு குவளையில் துண்டு இல்லை, கலங்கிய தண்ணீர் மட்டும் இருந்தது. மற்றதில் துண்டு அப்படியே கிடந்தது.

"ரெண்டும் ஒரே தூள்தான் மாப்பிள்ளை. இதை மட்டும் கொதிநீர்ல காட்டி எடுத்தேன். எடையில ஒன்னும் குறையல. நூலைச் சுருட்டி மடிச்சு வச்ச மாதிரி அதுக்குள்ள ஒரு மடிப்பு இருக்கு. மடிப்பு கலைஞ்சா வேலை போச்சு. நீங்க, நான், கோழி, ஜப்பான்காரன், எல்லாரும் அந்த மடிப்புலதான் நிக்கிறோம்."

அதற்குப் பிறகு ராணுவம் அந்தத் தூள் முழுவதையும் கேட்டது. தோல் பதனிட வேண்டுமாம். செபஸ்தியன் தவறாமல் கொடுத்தார். கொடுத்தது எல்லாம் கொதிநீரில் காட்டிய செத்த தூள். தோல் மசியவில்லை. அதிகாரி கோபத்தோடு கேள்வி கேட்டான். செபஸ்தியன் பதில் சொன்னார். கேப்ரியல் இரண்டு பக்கத்துக்கும் மொழிபெயர்த்தான். கடைசியில், யாரும் கேட்காத ஒரு வாக்கியத்தை அவனாகச் சேர்த்துக்கொண்டான். ஜப்பானிய மொழியில் சொன்னதால் பக்கத்தில் நின்ற செபஸ்தியனுக்குக்கூட விளங்கவில்லை.

அந்த வாக்கியத்துக்குப் பிறகுதான் செபஸ்தியனைப் பிடித்துப் போனார்கள். கேப்ரியலுக்கு இந்த வீடு வந்தது. முட்டையும் வந்தது. லூசி சமையல்கட்டுக்குப் பின்னால் இருந்த அறைக்குப் போனாள்.

யாருக்கும் தெரியாது என்று அவன் நினைத்துக்கொண்டான்.

மழை பிடித்துக்கொண்டது. ஆற்றுப் பக்கமிருந்து வந்த மழை தகரக் கூரையில் இறங்கி, வீட்டின் எல்லா ஓசைகளையும் தனக்குள் இழுத்துக்கொண்டது. ஜன்னல்களில் விளக்கு வெளியே தெரியாமலிருக்க ஒட்டிய கறுப்புத் தாள் பகலிலும் கிழிக்கப்படாமல் இருந்ததால் வீட்டுக் கூடம் கிணற்றின் அடி போல மங்கியது. அந்த மங்கலில், சுவரோரமாக இரண்டு முக்காலிகளின் மேல், திறந்த பெட்டி ஒன்று கிடந்தது. மூவார் தச்சன் செய்த சவப்பெட்டி. உடல் கிடைக்காவிட்டாலும் தம்பிக்குப் பெட்டி உண்டு, அவன் சட்டையையும் கண்ணாடியையுமாவது மண்ணில் வைப்போம் என்று சந்தனசாமி ஊரறியச் சொல்லியிருந்தார். பலகையின் புது வாசனைக்கு நடுவே இன்னொரு வாசனை வந்தது. பச்சையாக, கொஞ்சம் அழுகலாக, நாக்கின் அடியில் கசப்பது போல. கேப்ரியலுக்கு அது தெரியும். கீறிய பப்பாளிக்காயின் வாசனை. ஆய்வுக்கூடத்தை ராணுவம் காலிசெய்து எத்தனையோ நாளாகிவிட்டது.

எழுந்து போய்ப் பெட்டியைப் பார்த்தான். மூட்டு மூட்டாகக் கறுப்பாகப் பூசியிருந்தது.

"இது என்ன மச்சான்?"

"டாமார். படகுக்குப் பூசுறது."

"பசை போட்டா பத்தாதா?"

"பசை மாட்டுத்தோல் காய்ச்சி எடுக்குறது. கரைஞ்சிரும், அதை நம்ப முடியாதுன்னு தச்சன்கிட்ட சொன்னேன். ஆணியும் டாமாரும்தான்."

"துணியும் கண்ணாடியும் வைக்கிற பெட்டிக்கு எதுக்கு டாமார்?"

சந்தனசாமி கை கழுவி, துண்டால் விரல் விரலாகத் துடைத்தார். முதுகு வளையாத மனிதர். நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்து யாரும் அவரைப் பார்த்ததில்லை.

"கசியக் கூடாது மாப்பிள்ளை," என்றார்.

கேப்ரியலின் கழுத்தில் ஏதோ ஊர்ந்தது. தொட்டுப் பார்த்தான். ஈரம். காலையில் சவரம் செய்தபோது தாடையில் பட்ட சின்னக் கீறல். பூசையில் முழங்காலிட்டிருந்தபோதும் கசிந்தது. இப்போதும் கசிகிறது. கைக்குட்டையை எடுத்து அழுத்தினான். இரத்தம் துணியில் பிசுபிசுப்பே இல்லாமல், காகிதப் பூவை ஊறவைத்த தண்ணீர் போல வெளிறி விரிந்தது. அவன் அழுத்திப் பிடித்து, எடுத்துப் பார்த்து, மறுபடி அழுத்தினான். உறையவில்லை.

"ஐலீன், கொஞ்சம் படிகாரம் கொண்டா."

ஐலீன் எழவில்லை. அண்ணனைப் பார்த்தாள்.

"முதல்ல ஒரு காரியம் இருக்கு," என்றார் சந்தனசாமி. "நாளைக்குப் பெட்டி போகணும். அதுக்கு முன்னால இந்த வீட்டு ஆளுங்க ஒவ்வொருத்தரும் இதுல கை வச்சுச் சத்தியம் பண்ணணும். செபஸ்தியன் செஞ்சதை வெளியில சொன்னது நாங்க இல்லன்னு. நான் பண்ணிட்டேன். லூசி பண்ணிட்டா. உங்க பொஞ்சாதியும் பண்ணிட்டா. நீங்கதான் பாக்கி."

"என்னைச் சந்தேகப்படுறீங்களா மச்சான்?"

"எங்க வீட்டுல பொய்ச் சத்தியம் பண்ணுன ஆள் கிடையாது. நீங்க வெளியில இருந்து வந்தவரு. கேட்கணும்லா?"

லூசி செபஸ்தியனின் மூக்குக் கண்ணாடியைக் கொண்டுவந்து பெட்டிக்குள் தலைமாட்டில் வைத்தாள். ராணுவம் திருப்பிக் கொடுத்தது அது ஒன்றைத்தான். "சொல்லிருங்கண்ணே," என்றாள் மெதுவாக. "உண்மையைச் சொன்னாலும் சரிதான். இப்பவே சொல்லிட்டா நல்லது."

உண்மையைச் சொன்னால் வாசல் படிக்கு வெளியே நிற்க வேண்டும். மனைவி போவாள். வீடு போகும். ஊரில் ஒருவன் முகம் பார்க்க மாட்டான். பொய்யைச் சொன்னால் ஒரு நிமிடம். அவ்வளவுதான். வாய் அவனுடையது. எத்தனை பேருக்காக எத்தனை வாக்கியம் மாற்றியிருக்கிறான்.

பெட்டியின் உள்பலகையில் வலது கையை விரித்து வைத்தான்.

"செபஸ்தியனைக் காட்டிக் கொடுத்தது நான் இல்லை. ஆண்டவர் சாட்சி."

பலகை குளிர்ந்திருந்தது. பிறகு குளிரவில்லை. பிறகு, கை எங்கே முடிகிறது, பலகை எங்கே தொடங்குகிறது என்று தெரியவில்லை.

கையை எடுத்தான். ஏதோ பின்தங்கியது. பலகையில் அவனுடைய உள்ளங்கை இருந்தது. ரேகைகளோடு, விரல் நுனிச் சுழிகளோடு, மெல்லிய ஈரத் தோலாக. அவன் கையில் ரேகை இல்லை. வழவழவென்று, வெள்ளையாக, உரித்த முட்டை போல இருந்தது. வலிக்கவே இல்லை. அதுதான் பயமாக இருந்தது.

மோதிரம் நழுவியது. தரையில் உருண்டது. ஐலீன் குனிந்து எடுத்தாள். சேலைத் தலைப்பால் துடைத்தாள். மேசையில் வைத்தாள். நாற்காலியைப் பின்னுக்கு இழுத்து உட்கார்ந்தாள்.

"ஐலீன்."

பப்பாளிப் பாலின் வாசனை இப்போது வெளியிலிருந்து வரவில்லை. அவன் மூச்சிலிருந்து வந்தது.

தலையைத் தொட்டான். முடி கையோடு வந்தது. பற்கள் நாக்கில் தட்டின, பிடியில்லாமல். முழங்கால் மடங்கியது. மடங்கவேண்டிய பக்கம் அல்ல.

"மச்சான்... நான்தான்... நான்..."

சொல்ல வேண்டும். இப்போதே. நான் சொன்னேன். நான்தான் சொன்னேன். வாக்கியம் தலைக்குள் முழுதாக இருந்தது. நாக்கு அதைத் தூக்கவில்லை. வாயிலிருந்து சத்தம் வந்தது. சொல் வரவில்லை.

"சொல்லுங்க மாப்பிள்ளை," என்றார் சந்தனசாமி. "கேட்டுக்கிட்டுத்தான் இருக்கோம்."

மறுபடி சத்தம். இன்னும் மெலிதாக. கொதிக்கிற பானைக்குள் ஒரு குமிழி.

சந்தனசாமி ஒரு பக்கம் பிடித்தார். லூசி மறு பக்கம். பிடித்த இடங்களில் விரல்கள் புதைந்தன. இருவரும் அவனைத் தூக்கி உள்ளே படுக்கவைத்தார்கள், குழந்தையைத் தொட்டிலில் இறக்குவது போல, ஒரு சொட்டும் சிந்தாமல்.

கண் இருந்தது. கடைசி வரை கண் இருந்தது. மேலே மூன்று முகங்கள். யாரும் அழவில்லை. பக்கத்தில் செபஸ்தியனின் கண்ணாடி. அது மெல்ல அசைந்தது. ஒரு பக்கம் தூக்கியது.

மிதந்தது.

லூசி பெட்டிக்குள் கையை விட்டு அதை எடுத்துக்கொண்டாள். சந்தனசாமி மூடியை வைத்தார். மழை நிற்கவில்லை.

செபஸ்தியன் பேரில் காலிப் பெட்டியைத்தான் புதைத்தார்கள் என்று மூவாரில் இன்றும் பேசிக்கொள்கிறார்கள். செபஸ்தியன் பேர், காலிப் பெட்டி, இரண்டும் தவறு. அந்தக் குழிக்கு எங்கள் வீட்டுப் பெயர் எதையும் வைக்கவில்லை. பெட்டியும் காலியில்லை. மறுநாள் வந்து தூக்கியவர்கள் எங்கள் வீட்டு ஆண்கள். வாசல் படி இறங்கும்போது கனம் தலைமாட்டிலிருந்து கால்மாட்டுக்கு மெல்லப் போய், அங்கே மோதி, திரும்பி வந்தது. ஒரு சொட்டும் கசியவில்லை. எடையில் ஒன்றும் குறையவில்லை.