அறுபத்துமூன்று பொட்டுகள்

"என் பொட்டு எங்க?"

மழையோடு சேர்ந்து ஸ்டூடியோவுக்குள் நுழைந்தவள் கேட்ட முதல் கேள்வி அதுதான்.

கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்திருந்த நெல்வின் நிமிர்ந்தான். நிமிர்ந்தவன் நிமிர்ந்தபடியே இருந்துவிட்டான். இமை நுனியில் ஒரு மழைத்துளி... விழலாமா வேண்டாமா என்று யோசித்துக்கொண்டு நின்றது. அதற்குக் கீழே இரண்டு கண்கள். அந்தக் கண்களுக்குக் கோபம் இத்தனை பொருத்தமாக இருக்கும் என்று அவன் கண்டானா?

"பொட்டு... உங்க நெத்தியிலதாங்க இருக்கு."

"நெத்தியில இருக்கறது எனக்குத் தெரியும். இதுல எங்க?"

ஐ.டி. கார்டு மேசைமேல் பட்டென்று விழுந்தது. ஷர்மிளா, தையல் பிரிவு. ஆம்பூரில் ஆயிரம் பேர் பார்க்கிற ஷூ கம்பெனி வேலை. புதிதாக நானூறு பேருக்குக் கார்டு போட்டார்கள். படம் எடுத்தவர் நெல்வினின் அப்பா ஞானமுத்து. கம்ப்யூட்டரில் சரிசெய்தவன் மகன். கார்டில் அவளுடைய நெற்றி, கழுவிவைத்த தட்டு மாதிரி பளிச்சென்று இருந்தது.

"எனக்கு மட்டும் இல்லங்க. அறுபத்துமூணு பேருக்கு! அமிர்தவள்ளி அக்காவோட மாமியாரு கார்டப் பாத்துட்டு ஒரே அழுகை. புள்ள குத்துக்கல்லாட்டம் ஒக்காந்திருக்கான், மருமக நெத்தி இப்படி இருக்கேன்னு! ஒரே நாள்ல அறுபத்துமூணு பேருக்கு ஞானஸ்நானம் குடுத்துட்டீங்களான்னு கேன்டீன்ல ஒரே கிண்டல்."

நெல்வினுக்குச் சிரிப்பு வந்தது. அடக்கினான். சிரித்திருந்தால் இந்தக் கதை அங்கேயே முடிந்திருக்கும்.

படங்களைத் திறந்து பெரிதாக்கினான்... உதட்டைக் கடித்துக்கொண்டான்.

"தப்பு என்னுதுதாங்க. கேமராவுக்குள்ள ஒரு தூசி. எல்லாப் படத்துலயும் அதே எடத்துல கறுப்பா ஒரு புள்ளி விழுந்துச்சு. ஒரு படத்துல அழிச்சிட்டு, மத்த படத்துக்கும் அதே மாதிரி அழின்னு சொல்லிட்டேன். ஸ்டூல்ல ஒக்காந்தா உங்க உயரத்துக்கு அந்த எடம் சரியா நெத்தியில வருது..."

"அப்போ என் பொட்டு போச்சா?"

"போகாது. இந்த சாஃப்ட்வேர் அசல் படத்தத் தொடவே தொடாதுங்க. நான் செஞ்ச திருத்தமெல்லாம் தனியா ஒரு லிஸ்ட்டா நிக்கும். லிஸ்ட்ட எடுத்துட்டா, எடுத்த அன்னிக்கு எப்படி இருந்தீங்களோ அப்படியே வருவீங்க."

அவள் முகம் கொஞ்சம் இளகியது. துளி விழுந்தது. இன்னும் ஒரு நிமிஷம் கிடைத்திருந்தால் சிரித்தே இருப்பாள்... அதற்குள் உள்ளேயிருந்து ஞானமுத்து வந்துவிட்டார்.

"தூசியா? என் கேமராவுலயா?"

அந்தக் கேமராவுக்குச் சபையில் ஜெபம் பண்ணி, ரிப்பன் வெட்டியவர் அவர். ஊரில் முதல் டிஜிட்டல் கேமரா என்று, இது நடந்த 2008-லும் சொல்லிக்கொண்டிருந்தார். ஊர்க்காரர்கள் நாங்கள் யாரும் மறுக்கவில்லை. பாவம், நல்ல மனுஷன்.

"இதோ பாரும்மா, நீங்கள்லாம் பொட்டு வெக்காம வந்திருப்பீங்க. பழிய எங்கமேல போடாத."

ஷர்மிளா நெல்வினைப் பார்த்தாள். அவன் கீபோர்டைப் பார்த்தான்.

"வாயில்லியா உங்களுக்கு?"

பதிலுக்குக் காத்திராமல் மழையில் இறங்கிப் போய்விட்டாள்.

மறுநாள் காலை ஷர்மிளா நிறுத்தச் சொல்ல, தையல் பிரிவில் அறுபத்துமூன்று மெஷின்கள் ஓடவில்லை. மேனேஜர் ஆபித் பாஷா ஸ்டூடியோவுக்குப் போன் போட்டார். ஞானமுத்து எடுத்தார். பெண்கள் பொட்டில்லாமல்தான் வந்தார்கள் என்று அடித்துச் சொன்னார்.

ஆபித் பாஷா கெட்டவர் இல்லை, பேஜாராகிப் போனவர். ஷர்மிளாவைக் கூப்பிட்டார். "யாரு சொல்றது நெசம்னு எனக்குத் தெரியாதும்மா. ஷிப்மெண்ட் நிக்குது. லைன நிறுத்தினது நீ. சனிக்கிழமைக்குள்ள மன்னிப்பு லெட்டர் எழுதிக் குடு. இல்லன்னா வேற கம்பெனி பாத்துக்க."

"எழுத மாட்டேன் சார்."

வீட்டில் அம்மா தலையில் அடித்துக்கொண்டாள். "ஒரு பொட்டுக்காக வேலைய வுடுவியாடி?"

"பொட்டுக்காக இல்லம்மா. வெக்காம வந்தேன்னு சொல்றாங்களே, அந்தப் பொய்க்கு நான் கையெழுத்துப் போடணுமா?"

சனிக்கிழமை மதியம். கேன்டீனில் சாப்பாட்டு நேரம். மேசைமேல் வெள்ளைத்தாளும் பேனாவும் வைத்துக்கொண்டு ஆபித் பாஷா காத்திருந்தார். ஷர்மிளா கையைக் கட்டிக்கொண்டு நின்றாள். அப்போது வாசலில் ஒரு ஆட்டோ நின்றது. போர்வையில் சுற்றிய மானிட்டரையும் சி.பி.யூவையும் இரண்டு நடையாகத் தூக்கிக்கொண்டு, தலையிலிருந்து மழை ஒழுக வந்தான் நெல்வின்.

"இன்னாப்பா இது, சீர்வரிசை மாதிரி தூக்கிட்டு வர?"

"அஞ்சு நிமிஷம் சார்."

டீ டிரம் பக்கத்தில் பிளக்கைச் சொருகினான். திரையில் முகங்கள் வரிசையாகத் திறந்தன. கூட்டம் முதுகில் வந்து சாய்ந்தது.

"எங்க கேமராவுல தூசி இருந்துச்சு சார். அத எடுக்கப்போயி பொட்ட எடுத்தது நான். இவங்க யாரும் பொய் சொல்லல. இப்போ பாருங்க... என் திருத்தத்தயெல்லாம் எடுக்கிறேன்."

ஒரு தட்டு. பொட்டுகள் ஒவ்வொன்றாக நெற்றியில் வந்து உட்கார்ந்தன. சிவப்பு, கறுப்பு, நீளம், வட்டம்... அமிர்தவள்ளியின் காலணா அளவுக் குங்குமம் வந்தபோது கேன்டீன் கூரை அதிர்ந்தது. நனைந்த கோலத்தில் வாசலில் ஞானமுத்து. மகனைத் துரத்திக்கொண்டு மொபெட்டில் வந்தவர், திரையைப் பார்த்ததும் அங்கேயே நின்றுவிட்டார்.

ஆபித் பாஷா வெள்ளைத்தாளை மடித்துச் சட்டைப்பைக்குள் போட்டார். "ஷர்மிளா... நான்தாம்மா தப்பா நெனச்சிட்டேன்."

அத்தோடு எல்லாரும் சாப்பிடப் போயிருக்கலாம். அமிர்தவள்ளி விடவில்லை.

"தம்பி, எல்லாப் படத்துக்கும் அடியில சும்மா கெடக்கு. இவ படத்துக்கு அடியில மட்டும் இன்னாது, அஞ்சு நட்சத்திரம்?"

நெல்வினின் காது சிவந்தது. நானூறு பேர் சாப்பாட்டை மறந்தார்கள்.

"அது... பிடிச்ச படத்துக்குக் குறிச்சி வெக்கறது, அக்கா."

"எல்லாத்தையும் எடுத்தியே, அது ஏன் போவல?"

"அது திருத்தம் இல்லக்கா. படத்த ஒண்ணும் பண்ணாது. நானா வெச்சது... நானா எடுத்தாதான் போவும்."

"டேய், மெஷின மூடுடா!" வாசலிலிருந்து அப்பா. "நம்ம சபை என்ன, அவங்க என்ன!"

"மூட மாட்டேம்பா."

ஷர்மிளா பக்கத்தில் வந்தாள். குரல் தாழ்ந்திருந்தது. கண் தாழவில்லை.

"எப்பலேருந்து?"

"ஒரு மாசமா... நீங்க சண்டைக்கு வர்றதுக்கு முன்னாடியே. எனக்கு உங்களப் புடிச்சிருக்குங்க."

"அன்னிக்கு அப்பா முன்னாடி வாயத் தொறக்கலியே?"

"அதுக்குத்தான் இன்னிக்கு எல்லார் முன்னாடியும் வந்தேன்."

சாப்பாட்டு நேரம் முடிந்த மணி அடித்தது. ஒருவரும் அசையவில்லை.

"லைனுக்குப் போங்கம்மா..." என்றார் ஆபித் பாஷா, பலவீனமாக.

"இருங்க சார். அவ இன்னும் பதில் சொல்லல," என்றாள் அமிர்தவள்ளி.

ஷர்மிளா ஞானமுத்துவைப் பார்த்தாள். நேராக. மரியாதையாக.

"ஐயா, உங்க சர்ச்சுக்குக் கூப்ட்டா வருவேன். பாட்டு சொல்லிக் குடுத்தா பாடுவேன். ஆனா பொட்டோடதான் வருவேன். உங்களுக்குச் சம்மதமாக நாளாச்சுன்னா ஆகட்டும்... நான் இருக்கேன்."

ஞானமுத்து மறுபடியும் திரையைப் பார்த்தார். அவள் நெல்வினிடம் திரும்பினாள். மழையெல்லாம் அந்தக் கண்களுக்குள் போய்விட்டது போல... ஒரு மினுமினுப்பு.

"எனக்கும் உன்னப் புடிச்சிருக்கு," என்றாள், நானூறு பேருக்கும் கேட்கும்படி.