கூப்பாட்டுக்கு எழுந்தவள்

"டேய் தடியா! எழுந்திருடா! வேலைக்கு நேரமாச்சு!"

கீழேயிருந்து மாமியார் போட்ட கூப்பாட்டுக்கு, மாடியில் தூங்கிய இளைய மகன் புரண்டுகூடப் படுக்கவில்லை. வழக்கம்போல அடுத்த அறையிலிருந்த மூத்த மருமகள்தான் பதறி எழுந்தாள். சில மாதங்களாக அவளுக்கு உடம்பு கனத்து, முகம் ஊதி, எதிலும் ஆமை வேகம். வீட்டில் பட்டப்பெயரே ஆமை.

படியிறங்கியவளிடம் மாமியார் ஒரு ரவிக்கையை நீட்டினாள். மார்புப் பக்கம் காய்ந்த கறை.

"என்னடி இது?"

"தெரியல அத்தை... தானா... பால் மாதிரி..."

"பாலா! புருஷன் கப்பலேறி ஒன்றரை வருஷமாச்சு. பிள்ளையே பெறாதவளுக்குப் பாலா? எவனுக்குப் பெத்து எங்கடி தொலைச்ச?"

அவள் அந்தக் கறையை யாரும் பார்க்காமல் துவைத்துத் துவைத்து, கடைசியில் தன் உடம்பைத் தானே சந்தேகப்பட ஆரம்பித்திருந்தாள்.

"டாக்டர் வாயாலயே கேட்டுட்டு என் பையனுக்குப் போன் போடறேன். அவனே உன்னை வேண்டாம்னு சொல்லட்டும்!"

ரத்தப் பரிசோதனை முடிவைப் பார்த்த டாக்டரம்மா நிமிர்ந்தார்.

"கர்ப்பமும் இல்ல, பிரசவமும் இல்ல. கழுத்துல இருக்கிற தைராய்டு சுரப்பி அசந்து போச்சு."

"அதுக்கும் பாலுக்கும் என்னம்மா சம்பந்தம்?" என்றாள் மாமியார்.

"சொல்றேன். மூளைக்கு அடியில பட்டாணி அளவுல பிட்யூட்டரின்னு ஒரு சுரப்பி. தைராய்டை வேலை வாங்கறது அதுதான். அதை உசுப்பி விடறது மூளை. ரத்தத்துல தைராய்டு ஹார்மோன் போதுமான அளவு இருந்தா, ரெண்டும் அடங்கிடும். இவங்களுக்குக் குறைஞ்சதால மூளை கத்துது, மேல மேல கத்துது... அந்தச் சத்தத்துல, பிட்யூட்டரியில இருக்கிற பால் ஹார்மோனும் முழிச்சிடுது."

"புரியலையே..."

"மாடியில தூங்கற ஒருத்தரை எழுப்பக் கத்தறீங்க. அவர் அசையல. பக்கத்து ரூம்காரங்க எழுந்து ஓடி வந்துடறாங்க. அவங்க மேல என்ன தப்பு?"

மாமியாரின் முகம் வெளுத்தது.

"மாத்திரை தரேன். காலையில வெறும் வயித்துல. தைராய்டு சரியானா கத்தலும் அடங்கும், பாலும் நிக்கும்."



மறுநாள் காலை வீட்டில் கூப்பாடே இல்லை. வலிக்கும் முழங்காலோடு மாமியார் மாடியேறி, மகனை முதுகில் தட்டி எழுப்பினாள். பிறகு தண்ணீரும் மாத்திரையுமாக அடுத்த அறைக்கு வந்தாள்.

"ஐயோ அத்தை, நீங்க எதுக்கு மாடியேறி..."

"கீழேருந்து கத்தினா... நீ எழுந்து ஓடி வந்துடுவியேம்மா..." மாத்திரையை அவள் கையில் வைத்தாள். "உன் புருஷன்கிட்ட நேத்தே பேசிட்டேன். உன் பொண்டாட்டி தங்கம்டா, என் நாக்குதான் அழுகிப் போகணும்னு..."

"அப்படிச் சொல்லாதீங்க அத்தை!"

மாமியார் அவளை இழுத்து அணைத்துக்கொண்டு விம்மினாள். கண்ணீர் வழிந்து மருமகளின் ரவிக்கை மார்பை நனைத்தது.

இந்த ஈரத்தை அவள் மறைக்கவில்லை.