துண்டு போட்ட இடம்

பஸ் நிற்பதற்குள் ஜன்னல் வழியாகத் துண்டைப் போட்டு, இன்னும் வராத ஒருவருக்காக நீங்கள் எப்போதாவது இடம் பிடித்திருக்கிறீர்களா? யாராவது கேட்டால் கொஞ்சமும் யோசிக்காமல் "ஆள் வருது" என்று சொல்லியிருக்கிறீர்களா?

நான் ஈரோட்டுக்காரன். எனக்கு அது கூடவே பிறந்த பழக்கம். டெக்ஸாஸுக்கு வந்த பிறகும் என் கார் டிக்கியில் ஒரு சென்னிமலைத் துண்டு கிடக்கும். மனைவியும் மகளும் விசாவுக்காக ஊரில் காத்திருக்கிறார்கள். ஃபிரிஸ்கோவில் ஓர் அபார்ட்மெண்டில் நான் தனி. சனி ஞாயிறில் என்னைச் சாப்பிடக் கூப்பிடுகிற வீடு நண்பர் சேனாபதியின் வீடு ஒன்றுதான். அவர் மனைவி யாமினி என்னை அண்ணா என்பாள். அவர்களுக்கு ஒரே பையன், ரோஹன்.

ரோஹன் அந்த வருடம்தான் காலேஜில் சேர்ந்து டார்முக்கு, அதாவது காலேஜ் ஹாஸ்டலுக்கு, போயிருந்தான். காலேஜ் பேண்ட் வாத்தியக் குழுவில் ட்ரம்பெட் வாசிக்க இடம் கிடைத்திருந்தது. செப்டம்பரில் முதல் அமெரிக்கன் ஃபுட்பால் மேட்ச். அவன் வாசிப்பதைப் பார்க்க வரச்சொல்லி யாமினி என்னையும் கூப்பிட்டாள். அவர்கள் முந்தின நாளே போய்விட்டார்கள். நான் மட்டும் விடியற்காலை கிளம்பித் தனியாகக் காரில் போய், ஸ்டேடிய கேட்டில் அவர்களோடு சேர்ந்துகொண்டேன்.

வெளியிலிருந்து பார்த்தால் அந்த ஸ்டேடியம் பெரிதாகத் தெரியாது. மைதானத்தையே தோண்டிப் பூமிக்குள் இறக்கியிருக்கிறார்கள். கேட்டுக்குள் நுழைந்ததும் நாம் நிற்பது மேல் வரிசையில். கீழே பள்ளத்தில் பச்சையாக மைதானம். கிழக்குப் பக்கம் புதிது. நாற்காலிகள், பெரிய திரை. மேற்குப் பக்கம் பழைய கான்கிரீட்டின் மேல் நீளநீளமான அலுமினிய பெஞ்சுகள். அங்கே முதலில் வருகிறவருக்குத்தான் இடம். நுழைவாயில் வளைவில் பித்தளையில் வரிசையாகப் பெயர்கள். இரண்டாம் உலகப்போருக்குப் போய்த் திரும்பாத மாணவர்களின் நினைவாகக் கட்டிய ஸ்டேடியம் அது. நாங்கள் அதை நின்று படிக்கவில்லை.

"ஒரு ஆளுக்குப் பதினெட்டு இன்ச்தான் ரஞ்சித். பெஞ்சுல கோடே போட்டிருக்கான் பாருங்க. இந்த ஊர் ஆளுங்க சைஸுக்கு எப்படிப் பத்தும்?" என்று சேனாபதி சிரித்தார்.

யாமினிக்குச் சிரிப்பு வரவில்லை. பையனுக்காகச் செய்து கொண்டுவந்த தக்காளி சாதத்தைக் கேட்டிலேயே வாங்கிக் குப்பையில் போட்டுவிட்டார்கள். சேனாபதியின் கால்சட்டைப் பாக்கெட்டில் ஒளித்த முறுக்கு மட்டும் தப்பியது. டார்மில் அவன் சரியாகச் சாப்பிடுவதில்லை, கன்னம் ஒட்டிப்போய்விட்டது என்று புலம்பினாள். ஆட்டத்தின் நடு இடைவேளையில் பேண்ட் மைதானத்தில் இறங்கி வாசிக்கும். அதன் பிறகு மூன்றாவது கால்பகுதி முழுவதும் பேண்ட் பிள்ளைகளுக்கு ஓய்வு. வீட்டாரைப் பார்க்க வருவார்கள். அவன் வந்து உட்கார நாலாவதாக ஓர் இடம் வேண்டும் என்றாள்.

எங்கும் நெருக்கியடித்துக் கூட்டம். ஒரு வரிசையில் மட்டும் மூன்று இடமும், அதை ஒட்டி இன்னொன்றும் காலியாக இருந்தன. அந்த நாலாவது இடத்தின் விளிம்பில் தேய்ந்து வழவழத்த சின்னப் பித்தளைத் தகடு. நான் டிக்கியிலிருந்து எடுத்து வந்த துண்டை அதன்மேல் விரித்தேன்.

முன் வரிசையில் இருந்த ஒரு வெள்ளைக்காரக் கிழவர் திரும்பிப் பார்த்தார். அந்த இடத்தில் யாரும் உட்காருவதில்லை, போருக்குப் போனவர்களில் உடல்கூடக் கிடைக்காத ஒருவனுக்காக அதை வைத்திருக்கிறோம் என்று மெதுவாகச் சொன்னார். எனக்குச் சங்கடமாகிவிட்டது. துண்டை எடுக்கக் குனிந்தேன்.

"எண்பது வருஷமா வராதவன் இன்னைக்கா வரப்போறான்? கெடக்கட்டும் விடுங்க" என்றார் சேனாபதி.

கொஞ்ச நேரத்துக்குத்தான், எங்கள் ஆள் ஒருவர் வருகிறார் என்று நான் கிழவரிடம் இங்கிலீஷில் சொன்னேன். அவர் என்னையே பார்த்துவிட்டு முன்னால் திரும்பிக்கொண்டார். ஆட்டம் முடியும் வரை ஒருமுறைகூடப் பின்னால் திரும்பவில்லை.

அதன் பிறகும் இடம் கேட்டுப் பலர் வந்தார்கள். ஒவ்வொருவரிடமும் அதையே சொன்னேன். ஆள் வருது. ஆள் வருது.

ஒரு கட்டத்தில் கேட்பது நின்றுவிட்டது.

கையில் கோக் கப்புடன் ஒரு பெண் எங்கள் வரிசையைத் தாண்டிப் போனாள். என்னிடம் எக்ஸ்கியூஸ் மி என்றாள். நான் காலை மடக்கினேன். அடுத்த அடியில், துண்டுக்கு நேராக, இன்னொரு முறை எக்ஸ்கியூஸ் மி என்றாள். அங்கே யாரோ கால் மடக்குவதற்குக் காத்திருப்பதைப்போல ஒரு நொடி நின்றாள். பிறகு போனாள்.

மண்டையைப் பிளக்கிற வெயில். தொட்டால் பெஞ்சு சுட்டது. ஆனால் என் இடது தோள் மட்டும் குளிர்ந்தது. நனைந்த கம்பளி நாற்றம் வந்தது. அதோடு பழைய சேற்று நாற்றம்.

துண்டைப் பார்த்தேன்.

நடுவில் அமுங்கியிருந்தது.

இடைவேளை வந்தது. பேண்ட் இறங்கியது. அத்தனை பேருக்கு நடுவே யாமினி தன் பையனைக் கண்டுபிடித்துவிட்டாள். அழுதுகொண்டே வீடியோ எடுத்தாள். நானும் கை தட்டினேன். எனக்குப் பக்கத்திலும் யாரோ கை தட்டினார்கள், ஈரத் துணியைக் கல்லில் அடிப்பதுபோல.

மூன்றாவது கால்பகுதியில் ரோஹன் படியேறி வந்தான். சிவப்புச் சீருடை, கையில் தொப்பி, முகமெல்லாம் வேர்வை. யாமினி எழுந்து கையை ஆட்டினாள். அவன் எங்கள் வரிசைக்கு வந்து அப்படியே நின்றான். தமிழ் புரியும் அவனுக்கு. பதில் இங்கிலீஷில்தான் வரும். என் இடத்தில் ஒருத்தர் உட்கார்ந்திருக்கிறாரே என்றான்.

"அது மாமாவோட துண்டுடா. உனக்குத்தான் போட்டு வெச்சிருக்கோம். வந்து உக்காரு கண்ணு" என்றாள் யாமினி.

ரோஹன் அவளைப் பார்க்கவில்லை. துண்டுக்கு மேலே, ஒரு முகம் இருக்க வேண்டிய உயரத்தில் பார்த்துக்கொண்டிருந்தான். யாரோ பேசுவதைக் கேட்பதுபோலக் கொஞ்சம் குனிந்தான்.

"என்னடா?" என்றேன்.

"நீதானா வரப்போற ஆள்னு கேக்கறார் அங்கிள்."

இதை அவன் தமிழில் சொன்னான்.

வேண்டாம் என்று சொல்ல வாயைத் திறந்தேன். அதற்குள் அவன் முந்திவிட்டான். ரோஹன் நல்ல பையன். பெரியவர்கள் கேட்டால் மரியாதையாகப் பதில் சொல்ல வளர்ந்தவன். தலையை ஆட்டி, ஆமாம், நான்தான் என்றான்.

என் தோளில் இருந்த குளிர் விலகியது. அமுங்கிய துண்டு மெல்ல மேலே எழும்பியது.

ரோஹன் அதன்மேல் உட்கார்ந்தான்.

யாமினி முறுக்கை ஒடித்து ஒடித்துக் கொடுத்தாள். அவன் வாங்கிக் கையிலேயே வைத்திருந்தான். முகத்து வேர்வை உலர்ந்துவிட்டது. கண் மைதானத்தில் இருந்தது. நேரமாகிவிட்டது, பேண்டுக்குப் போ என்று சேனாபதி இரண்டு முறை சொன்ன பிறகுதான் எழுந்தான். அவன் எழுந்த பிறகும் துண்டு அமுங்கியே இருந்தது. தொட்டுப் பார்த்தேன். சொட்டச்சொட்ட ஈரம். அதை எடுக்க எனக்குக் கை வரவில்லை.

ஆட்டம் முடிந்து அவர்கள் இருவரும் படியேறினார்கள். நான் பின்தங்கி அந்தத் தகட்டுக்கு அருகே குனிந்தேன்.

"ஆள் வரலைங்க. நான் தெரியாம சொல்லிட்டேன். யாரும் வரலை."

கிழவர் மட்டும் இன்னும் உட்கார்ந்திருந்தார். அவர் திரும்பவில்லை.

கார் பார்க்கிங்கில் யாமினியிடம் கெஞ்சினேன், இன்று ஒரு நாள் பையனை வீட்டுக்குக் கூட்டிப்போகச் சொல்லி. காரணத்தையும் சொன்னேன். அவள் முகம் மாறியது. சேனாபதிதான் விடவில்லை.

"வெயில்ல தல சுத்தியிருக்கு உங்களுக்கு. புள்ளைய நல்லா பயமுறுத்திட்டுப் போங்க" என்றார்.

பேண்டில் வேலை இருக்கிறது, டார்முக்குப் போய்விடுவேன் என்று ரோஹன் போனில் சொன்னதாக அவரே முடித்துவிட்டார். அதற்குமேல் பேச எனக்கு உரிமை இல்லை.

வெளிச்சம் இருக்கும்போதே காரை எடுத்தேன். ஃப்ரீவே ஏறியதும் பின் சீட்டில் பெல்ட் போடவில்லை என்று மணி அடிக்க ஆரம்பித்தது. ஓரம் கட்டிப் பார்த்தேன். பின் சீட்டில் ஒன்றும் இல்லை. சென்ஸார் கெட்டுவிட்டது என்று சொல்லிக்கொண்டேன். ஃபிரிஸ்கோ வரும் வரை மணி நிற்கவில்லை.

மறுநாள் காலை சேனாபதி போன் பண்ணினார். ஸ்டேடியத்தைச் சுத்தம் பண்ண வந்த ஆட்கள் ரோஹனைப் பார்த்திருக்கிறார்கள். மேற்குப் பக்கம், அந்த வரிசையில், சீருடையோடு நிமிர்ந்து உட்கார்ந்திருந்தானாம். உயிர் இல்லை. கை மூடியிருந்ததாம், உள்ளே முறுக்குத் துண்டுகள். சீருடை உலர்ந்திருக்க, அவனுக்குக் கீழே இருந்த துண்டு மட்டும் நனைந்திருந்ததாம்.

நான் கீழே இறங்கிப் போய்க் காரை ஸ்டார்ட் பண்ணினேன். பின் சீட் மணி அடித்தது. நனைந்த கம்பளி நாற்றம் வந்தது. நான் கண்ணாடியைப் பார்க்கவில்லை.

பின்னால் பெல்ட் மாட்டும் சத்தம் கேட்டது. மணி நின்றது.