வலை காயுது

பாகூருக்குத் தெற்கே பெண்ணையாற்றங்கரையில் ஒரு சின்னக் குப்பம். மழை பிடித்துக்கொண்டால் கரும்புக்கொல்லை நடுவே வரும் வண்டிப்பாதை முங்கிவிடும். அப்புறம் ஆற்றை விட்டால் வேறு போக்கிடம் கிடையாது. ஐம்பத்தைந்தாம் வருஷம் ஆவணியில் ஆதிலட்சுமி அங்கேதான் வாழ வந்தாள். புருஷன் இருசப்பன் ஆற்றில் மீன் பிடிப்பவன், தங்கமான ஆள். அவளுக்கும் ஒரு குறை தெரியவில்லை, அந்த அந்திக் கூப்பாட்டைத் தவிர.

விளக்கு வைக்கிற நேரம் வந்தால் போதும், போட்டது போட்டபடி கரைக்கு ஓடுவான். அக்கரையைப் பார்த்து, "வலை காயுது" என்று கத்துவான். அதற்குப் பிறகுதான் சோற்றில் கை வைப்பான்.

"யாருக்கு மாமா கொரல் குடுக்கற?"

"ஒர்த்தருக்கும் இல்ல. உள்ள போ."

பக்கத்து வீட்டுத் தாயாரம்மாள்தான் விவரம் சொன்னாள். இக்கரையில் பிரெஞ்சுக்காரன் கொடி பறந்த கடைசி வருஷம், இந்திய சர்க்கார் எல்லையை அடைத்துவிட்டது. அரிசியும் மண்ணெண்ணெயும் அக்கரையிலிருந்து திருட்டுத்தனமாகத்தான் வந்தன. சரக்கோடு நிற்பவன் அங்கிருந்து "மீன் இருக்கா" என்று கேட்பான். ஆற்றில் ரோந்துப் படகு இருந்தால் இங்கிருந்து "வலை காயுது" என்று பதில் போகும். வராதே என்று அர்த்தம். "வலை நனைஞ்சிருக்கு" என்றால் தாராளமாக வரலாம். இருசப்பனின் அண்ணன் வீரப்பன் அப்படி மண்ணெண்ணெய் டின்னோடு இறங்கியவன்தான், ரோந்துப் படகில் மாட்டி ஆற்றோடு போனான். உடம்பு கிடைக்கவில்லை.

"இப்பதான் ரோந்தும் இல்ல, ஒண்ணும் இல்லியே. அப்புறம் இவுரு யார வராதங்கறாரு?"

தாயாரம்மாள் முறத்தை எடுத்துக்கொண்டு எழுந்து போனாள்.

ஆதிலட்சுமி தானே ஒரு முடிவுக்கு வந்தாள். அக்கரையில் எவளோ இருக்கிறாள். வூட்டில் பெண்டாட்டி இருக்கிறாள், இன்றைக்கு வராதே என்று சேதி போகிறது. வேறென்ன இருக்க முடியும்?

ஐப்பசியில் ஒருநாள் இருசப்பன் பாகூருக்குப் போய் மழையில் மாட்டிக்கொண்டான். அந்தி சாய்ந்தது. அவன் இடத்தில் அவள் போய் நின்றாள்.

தவளைகள் சட்டென்று அடங்கின.

"மீன் இருக்கா?"

ஆண் குரல். ஓகோ, தூதுக்கு ஆள் வேறு வைத்திருக்கிறாளா? வரட்டும், மூஞ்சியைப் பார்த்துவிடுவோம் என்று ஆத்திரமாக வந்தது அவளுக்கு.

"வலை நனைஞ்சிருக்கு," என்று கத்தினாள்.

துடுப்புச் சத்தம் இல்லை. படகும் இல்லை. தண்ணீரை நெஞ்சால் தள்ளிக்கொண்டு யாரோ வருகிற சத்தம் மட்டும் நெருங்கியது.

சேற்று வாடை. அதோடு மண்ணெண்ணெய் நாற்றம்.

அது அவளைத் தாண்டிப் போனது.

வூட்டுப் பக்கம்.

இருசப்பன் வந்தபோது அவள் வாசலுக்கு வெளியிலேயே நின்றிருந்தாள். ஈரக் காலடிகள் உள்ளே போயிருந்தன. வெளியே வந்த தடம் இல்லை.

"இன்னாடி சொன்ன?"

"நனைஞ்சிருக்குன்னு."

அவன் அப்படியே உட்கார்ந்துவிட்டான். "அன்னிக்கு அண்ணனுக்கு நானும் அதத்தான் சொன்னேன்."

"ரோந்து இருந்தது தெரியாமயா மாமா?"

அவன் கண் கரைப் பக்கம் போனது. ஆதிலட்சுமி கரையில் கட்டிக்கிடந்த படகைப் பார்த்தாள். அது வீரப்பனுடைய படகு; அவன் போனபின் இருசப்பனுக்கு வந்தது.

விளக்கோடு உள்ளே போய்த் தேடினார்கள்; யாரும் இல்லை. விடிந்தபோது பாயில் இருசப்பன் இல்லை. படகு கட்டினபடியே கிடந்தது. கூரைக்கடியில் தொங்கிய வலை மட்டும் சொட்டிக்கொண்டிருந்தது. தொட்டுப் பார்த்தாள். விரலில் மண்ணெண்ணெய் வாடை. குப்பமே திரண்டு பகலெல்லாம் ஆற்றைத் துழாவியும் அவன் அகப்படவில்லை.

விளக்கு வைக்கிற நேரம்.

"மீன் இருக்கா?"

இருசப்பன் குரல். அவன் குரலேதான்.

வந்துடு மாமா என்று கதற வேண்டும் போலிருந்தது. பல்லைக் கடித்துக்கொண்டாள்.

"வலை காயுது," என்றாள் அழுதுகொண்டே.



"பொய் சொல்றியே புள்ள," என்றது குரல். "சொட்டற சத்தம் இங்க வரிக்கும் கேக்குதே."