பேயாண்டியின் பங்கு

பரவை மார்க்கெட்டைத் தாண்டி, மூடிப்போன ஒரு நூற்பாலையின் பின்கட்டில் இருந்தது அந்த வார்டு. ஸ்ரீலட்சுமி ஆட்டோவிலிருந்து இறங்கியபோது காலை ஒன்பது மணி. சித்திரை வெயில் அதற்குள் தகரக் கூரைகளில் ஏறிவிட்டிருந்தது. பஞ்சு மூட்டைகள் அடுக்கியிருந்த கிட்டங்கியைத்தான் ஆஸ்பத்திரியாக மாற்றியிருந்தார்கள். ஜன்னல்களைச் செங்கல் வைத்து அடைத்து, மேலே வெள்ளை அடித்திருந்தார்கள். அடைத்த இடங்கள் மட்டும் மூடிய இமைகள் போலத் துருத்திக்கொண்டு தெரிந்தன.

எதிரிலிருந்த ஆபீஸ் அறையிலிருந்து டாக்டர் ஜெயபாண்டி வெளியே வந்தார்.

"உள்ள போயிட்டா நெனச்ச நேரம் வெளிய வர முடியாது சிஸ்டர். கடைசியா பேஷண்ட்டத் தொட்ட நாள்ல இருந்து பதினாலு நாள் உள்ளயேதான். வீட்டுல சொல்லிட்டீங்களா?"

"சொல்லிட்டேன் சார்."

பழங்காநத்தத்து வீட்டில் இரண்டு பிள்ளைகளையும் கணவர் பொறுப்பில் விட்டு வந்திருந்தாள். பதினோரு வருடம் தீவிர சிகிச்சைப் பிரிவில் வேலை பார்த்தவள். பயந்து பின்வாங்கும் ரகம் இல்லை.

உள்ளே இரண்டே நோயாளிகள். ஊர் ஊராக ஆடுகளை ஓட்டிப்போய் வயல்களில் கிடை போடும் பேயாண்டி, அவர் மனைவி மாயக்காள். ஆட்டு உண்ணி கடித்து வந்த காய்ச்சல். முதலில் உடம்பு கொதிக்கும், பிறகு ஈறிலும் மூக்கிலும் ரத்தம் கசியும், அப்புறம் நிற்காது. இதற்கென்று உறுதியான மருந்து கிடையாது. புதிதாகக் கண்டுபிடித்த ஒன்றைத்தான் இங்கேயும் வேறு சில ஊர்களிலும் சோதித்துக்கொண்டிருந்தார்கள். மற்ற சிகிச்சையெல்லாம் எல்லோருக்கும் ஒன்றுதான். ஆனால் தினமும் ஒரு மணிக்கு ஏற்றும் பையில் பாதிப் பேருக்கு மருந்து இருக்கும், பாதிப் பேருக்கு வெறும் உப்புத்தண்ணீர். பையின் மேல் எண் மட்டும். பேயாண்டிக்குப் பதினேழு, மாயக்காளுக்குப் பதினெட்டு. எதில் என்ன இருக்கிறது என்பது டாக்டருக்கும் தெரியாது. சென்னையில் முத்திரை வைத்த ஒரு கோப்புக்குத்தான் தெரியும்.

வார்டுக்குப் போக இரண்டு இரும்புக் கதவுகள். நடுவே, ஒரு ஆள் திரும்பி நிற்கும் அளவுக்கு உடை மாற்றும் அறை. ஒரு கதவு முழுசாகச் சாத்தினால்தான் இன்னொன்று திறக்கும். தலை முதல் கால் வரை மூடும் வெள்ளை உடைக்குள் புகுந்துவிட்டால் யார் யாரென்று தெரியாது. அதனால் நெஞ்சில் மார்க்கரால் பெயர் எழுதிக்கொள்ள வேண்டும். பகலில் ஸ்ரீலட்சுமி, இரவில் தமிழ்வாணி; இருவருக்கும் வெளிக்கதவை ஒட்டி ஒரே ஓய்வறை. வேறு யாரும் உள்ளே வருவதில்லை.

பேயாண்டிக்கும் மாயக்காளுக்கும் அடுத்தடுத்த அறைகள். இடையில் கண்ணாடிச் சுவர். பேயாண்டி நாளெல்லாம் அந்தப் பக்கமே ஒருக்களித்துப் படுத்திருப்பார்.

மூன்றாம் நாள் பையை மாட்டும்போது அவர் கேட்டார்.

"ரெண்டு பேத்துக்கும் ஒரே மருந்துதான தாயி?"

சேரும்போதே டாக்டர் எல்லாம் விளக்கி, கைநாட்டு வாங்கியிருந்தார். காய்ச்சல் வேகத்தில் அது அவர் மண்டையில் ஏறவில்லை. 'எனக்குத் தெரியாதுண்ணே' என்று சொல்வதுதான் முறை. ஆனால் அந்த மனிதரின் கண்வெள்ளை முழுக்க ரத்தமாகச் சிவந்திருந்தது. அந்தக் கண்ணைப் பார்த்து அவளால் அதைச் சொல்ல முடியவில்லை.

"ஆமாண்ணே. ஒரே மருந்துதான்."

பேயாண்டியின் முகம் தெளிந்தது.

நான்காம் நாள் நடுப்பகலில் அவர் உடம்பிலிருந்த ஓட்டைகள் எல்லாவற்றிலிருந்தும் ரத்தம் வந்தது. ஸ்ரீலட்சுமி துடைத்துக்கொண்டே இருந்தாள். அவர் அவளுடைய உறை போட்ட கையைப் பற்றினார்.

"என் பங்கு மிச்சம் கெடக்குமே... அத அவளுக்குக் குடுத்துரு தாயி. வீணாப் போக விட்றாத."

"சரிண்ணே."

இரண்டாவது பொய்.

உடலை இரண்டு உறைகளில் போட்டு, குளோரின் தெளித்து, பின்வாசல் வழியாகக் கொண்டுபோனார்கள். அவருடைய மிச்சப் பைகள் ஆறும் குளிர்ப்பெட்டியின் மேல்தட்டில், திருப்பி அனுப்புவதற்காகச் சீல் வைக்கப்பட்டன. மாயக்காள் அழவில்லை. காலியான கட்டிலைக் கண்ணாடி வழியே பார்த்தபடி படுத்திருந்தாள்.

மறுநாள் ஒரு மணிக்குப் பையோடு உள்ளே போன ஸ்ரீலட்சுமி திகைத்து நின்றாள். மாயக்காளின் கட்டிலருகே பை மாட்டும் கம்பியில் ஏற்கெனவே ஒரு பை தொங்கிக்கொண்டிருந்தது. பாதிக்கு மேல் இறங்கியிருந்தது.

"யாரு மாட்டுனது அக்கா?"

"ஒங்கள மாதிரிதான் ஒரு ஆளு, வெள்ளயா. பேசவே மாட்டேங்குது."

தமிழ்வாணி தூக்கம் வராமல் வந்து உதவியிருப்பாள் என்றுதான் முதலில் நினைத்தாள். பையைத் திருப்பினாள்.

பதினேழு.

 இறுக்கிக் கட்டிய முகக்கவசத்தைத் தாண்டி எந்த வாசனையும் வராது, குளோரின்கூட. ஆனாலும் ஏதோ நாறியது. மழையில் நனைந்த கிடை. ஆட்டு மூத்திரம், புழுக்கை, ஈர மயிர்.

அவள் பையைப் பிடுங்கிவிட்டு, நடு அறையில் உடையைக் கழற்றிப் போட்டுவிட்டு வெளியே ஓடினாள். தமிழ்வாணி ஓய்வறையில் போர்வைக்குள் இருந்தாள்.

"நா வரவே இல்லக்கா. செத்த பொணமா தூங்கிட்டு இருந்தேன்."

குளிர்ப்பெட்டியின் மேல்தட்டில் ஐந்து பைகள்தான் இருந்தன. சீல் கிழியவில்லை.

டாக்டர் கேமராப் பதிவைப் பார்த்துவிட்டுப் போனில் பேசினார். குரலில் எரிச்சல். "பன்னெண்டே முக்காலுக்கு நீங்கதான் மாட்டுறீங்க சிஸ்டர். முதுகு தெரியுது."

"நெஞ்சுல பேரு தெரியுதா சார்?"

"திரும்பவே இல்லையே."

பன்னிரண்டே முக்காலுக்கு அவள் ஓய்வறையில் தயிர்சாதம் சாப்பிட்டுக்கொண்டிருந்தாள்.

தவறான பை ஏறிவிட்டதால் அன்றைக்கு வேறெதையும் ஏற்றக் கூடாது என்றார் டாக்டர். முதலில் பதினேழில் இருப்பது என்னவென்று தெரிய வேண்டும். முத்திரையை உடைக்கச் சொல்லிச் சென்னைக்கு எழுதுவதாகச் சொன்னார். அன்று சாயங்காலமே மாயக்காளின் ஈறில் ரத்தம் கசிய ஆரம்பித்தது.

ஸ்ரீலட்சுமிக்குக் கணக்கு புரிந்தது. பதினேழில் மருந்து இருந்தால், செத்தவர் மனைவியைக் காப்பாற்றிக்கொண்டிருக்கிறார். அது உப்புத்தண்ணீர் என்றால், அவளுடைய மருந்தைத் தடுத்துக்கொண்டிருக்கிறார்.

ஓடிப்போகவும் வழியில்லை. இன்றைக்கே வேலையை விட்டாலும் இன்னும் பதினாலு நாளைக்கு இந்த அடைத்த ஜன்னல்கள்தான், இந்த இரண்டு கதவுகள்தான்.

மறுநாள் பன்னிரண்டரைக்கே உடையை மாட்டிக்கொண்டு, பதினெட்டாம் பையோடு நடு அறைக்குள் நுழைந்தாள். வெளிக்கதவு பின்னால் சாத்திக்கொண்டது. பச்சை விளக்கு எரிய வேண்டும்.

எரியவில்லை. சிவப்பிலேயே நின்றது.

உள்கதவை இழுத்தாள். அசையவில்லை. திரும்பி வெளிக்கதவைத் தள்ளினாள். அதுவும் அசையவில்லை.

காற்று இழுக்கும் இயந்திரத்தின் இரைச்சல் நின்றது.

உடைக்குள் வியர்வை முதுகெலும்பு வழியாக ஊர்ந்தது. உள்கதவில் கையகலக் கண்ணாடி. அதில் முகத்தை வைத்துப் பார்த்தாள்.

மாயக்காளின் கட்டிலருகே வெள்ளை உடையில் ஒருவர் நின்றார்.

முதுகு சற்றுக் கூனியிருந்தது, தோளில் தழை ஒடிக்கும் தொரட்டிக் கம்பை வைத்து நடந்து பழகியவர்களுக்குக் கூனுவது போல. அவர் அவசரப்படவில்லை. பையைக் கம்பியில் மாட்டினார். குழாயைச் செருகினார். சொட்டு இறங்குவதைக் குனிந்து பார்த்தார். பிறகு மாயக்காளின் நெற்றியில் கையை வைத்தார்.

மாயக்காள் கண்ணை மூடியிருந்தாள். உதட்டோரம் சிவப்புக் கோடு.

சுவரிலிருந்த பேசும் கருவி கரகரத்தது. டாக்டர்.

"சிஸ்டர், சென்னையில இருந்து வந்துருச்சு. பதினேழு வெறும் உப்புத்தண்ணி. பதினெட்டுதான் மருந்து. கட்டில் பக்கத்துலதான நிக்கிறீங்க? அந்தப் பைய ஒடனே கழட்டுங்க."

"சார், நா உள்ள இல்ல."

"என்ன சொல்றீங்க? கேமராவுல..."

"நா ரெண்டு கதவுக்கும் நடுவுல மாட்டிக்கிட்டேன் சார்."

 இணைப்பு அறுந்தது.

கருவியில் வார்டுக்குள் பேசும் பொத்தான் ஒன்று இருந்தது. ஸ்ரீலட்சுமி அதை அழுத்தினாள். வாய்க்குள் ஒருமுறை பெருமாளைக் கூப்பிட்டாள். பிறகு பேசினாள்.

"பேயாண்டி அண்ணே."

சொட்டைப் பார்த்துக்கொண்டிருந்த தலை நிமிர்ந்தது.

"அத எடுத்துருங்கண்ணே. அது மருந்து இல்ல."

அவர் திரும்பினார். நெஞ்சில் பெயர் இல்லை. கதவை நோக்கி நடந்து வந்தார். காலடிச் சத்தம் இல்லை. ஈரத்தில் எதையோ இழுப்பது போல ஒரு சரசரப்பு மட்டும்.

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் முகம் வந்து நின்றது.

கண்கவசத்தின் உட்புறம் பனித்திருந்தது. அந்தப் பனி சிவப்பாக இருந்தது.

கருவியிலிருந்து குரல் வந்தது. தொண்டையில் ரத்தம் கட்டியவர் பேசும் குரல்.

"ஒரே மருந்துன்னு சொன்னியே தாயி."

ஸ்ரீலட்சுமி பொத்தானை மறுபடி அழுத்தினாள். 

"பொய்ண்ணே. எனக்கு அன்னிக்குத் தெரியாது. நீங்க நிம்மதியாத் தூங்கணும்னு சொல்லிட்டேன். ஒங்களுக்கு ஏறுனது வெறும் தண்ணி. அக்காவுக்குத்தான் மருந்து விழுந்துச்சு. ஒங்க பங்கக் குடுத்தீங்கன்னா அக்காவும் செத்துரும்."

கண்ணாடியில் ஒரு கை வந்து ஒட்டியது. உறைக்குள் விரல்கள் ஊதிக் கிடந்தன.

"தண்ணியா?"

 அவள் தலையை ஆட்டினாள்.

"எனக்குத் தண்ணியா தாயி?"

அந்தக் கேள்வியில் கோபம் இருந்திருந்தால் அவள் தாங்கியிருப்பாள். கிடையில் ஒரு ஆடு குறைகிறதே என்று கேட்பவரின் குரல் அது. கண்கவசத்துக்குள்ளிருந்து சிவப்பு மெல்ல மெல்லக் கழுத்து வரைக்கும் இறங்கியது. அவர் அசையவில்லை. எவ்வளவு நேரம் என்று அவளுக்குத் தெரியாது. அறைக் காற்று தீர்ந்துகொண்டே வந்தது. கண் இருட்டியது.

பச்சை விளக்கு எரிந்தது.

கதவு திறந்தபோது வாசலில் வெள்ளை உடை ஒன்று கிடந்தது. கழுத்து வரை ஜிப் போட்டபடி, மணிக்கட்டில் உறைகள் டேப் ஒட்டியபடி. உள்ளே யாரும் இல்லை. ஸ்ரீலட்சுமி அதைத் தாண்டிப் போய், கம்பியில் தொங்கியதைக் கழற்றிவிட்டுப் பதினெட்டை மாட்டினாள். மூன்று முறை தவறி, நான்காவது முறைதான் குழாய் பொருந்தியது.

அன்றிலிருந்து அவள் மாயக்காளின் பக்கத்திலேயே இருந்தாள். தமிழ்வாணி வந்து தோளைத் தொட்டால்தான் எழுந்து போவாள். மூன்றாம் நாள் ரத்தம் நின்றது. ஒன்பதாம் நாள் மாயக்காள் கஞ்சி கேட்டாள். வார்டில் வேறெதுவும் நடக்கவில்லை. டாக்டர் அந்தக் கேமராப் பதிவைப் பற்றிப் பிறகு பேசவே இல்லை.

இரண்டு மாதம் கழித்து, ரத்தப் பரிசோதனைக்காக ஸ்ரீலட்சுமி மாயக்காளைத் தேடிப் போனாள். வாடிப்பட்டிக்கு மேற்கே அறுவடை முடிந்த வயலில் கிடை போட்டிருந்தாள் மாயக்காள். காலை வெயில் சுள்ளென்று இருந்தது. எண்பது ஆடுகளுக்கு மேல் பட்டிக்குள் நெருக்கிக்கொண்டு நின்றன. ரத்தம் எடுத்து முடித்ததும் ஸ்ரீலட்சுமி கேட்டாள்.

"ஒத்தையில எப்படிக்கா இம்புட்டு ஆட்டையும் ஓட்டுறீங்க?"

மாயக்காள் அவளை ஒரு மாதிரிப் பார்த்தாள்.

"ஒத்தையிலயா?"

எழுந்து போய்ப் பட்டியின் படலைத் திறந்தாள். ஆடுகள் முட்டி மோதிக்கொண்டு வெளியே பாய்ந்தன. புழுதி எழுந்தது. அந்த நெரிசலின் நடுவே ஒரு இடத்தில் மட்டும் ஆடுகள் இரண்டாகப் பிரிந்து, விலகி, மறுபடி சேர்ந்தன. ஒரு ஆள் நிற்கும் அகலம். அங்கே எதுவும் இல்லை. வெறும் மண்.

அந்த வெற்றிடம் நகர்ந்தது.

ஆடுகளை விலக்கிக்கொண்டு அது ஸ்ரீலட்சுமியை நோக்கி நிதானமாக வந்தது. அவள் காலடியில் வந்து நின்றது. சுற்றிலும் ஆடுகள் அசையாமல் நின்றன. ஒன்றுகூடக் கத்தவில்லை. போவதற்கு எந்தப் பக்கமும் வழி இல்லை.

"நகராத தாயி," என்றாள் மாயக்காள், குரலைத் தாழ்த்தி. "செத்த நேரம் பாத்துட்டுப் போயிருவாரு."

வெயில் உச்சிக்கு ஏறியது. அந்த வெற்றிடம் போகவில்லை.