முட்டி வரைக்கும் ஒரு படம்

அந்த அறையில் நான்கு நாற்காலிகள், ஐந்து பேர். மேசையின் தலைப்பக்கம் எலும்பு டாக்டர். அவருக்கு வலப்பக்கம் புற்றுநோய் டாக்டரம்மா, மடியில் கனத்த ஃபைல். கதவை ஒட்டி அண்ணன். ஜன்னலோரம் அவன் தங்கை, வீட்டில் எல்லாருக்கும் 'சின்னவள்'. அவள் முதுகுக்குப் பின்னால் கண்ணாடியில் மழை வழிந்துகொண்டிருந்தது... ஐந்தாவது ஆள் எக்ஸ்ரேக்காரன். விளக்குப் பெட்டியில் படத்தைச் செருகிவிட்டுச் சுவரோரம் நின்றான். யாருடைய காலைப் பற்றிப் பேச்சோ, அவர்களுடைய அம்மா மட்டும் அங்கே இல்லை. மாடி வார்டில், காலில் எடை தொங்கப் படுத்திருந்தாள்.

மூன்று வருடத்துக்கு முன் மார்பிலிருந்து வெட்டி எடுத்த புற்று, சத்தமில்லாமல் தொடை எலும்புக்குள் இறங்கியிருந்தது. நேற்று நாற்காலியை விட்டு எழுந்தாள், அவ்வளவுதான். விழக்கூட இல்லை. மளுக்கென்று ஒரு சத்தம்.

"இடுப்புக்குக் கீழ ரெண்டு விரல் தள்ளி உடைஞ்சிருக்கு. எலும்புக்குள்ள சின்னக் கம்பியா இறக்கிடலாம்," என்றார் எலும்பு டாக்டர்.

"சார்..." எக்ஸ்ரேக்காரன் தொண்டையைச் செருமினான். "முட்டி வரைக்கும் படம் இல்ல. எடுக்காம விட்டுட்டேன்."

"ஏன்?"

"என் தப்பு சார்."

சின்னவள் ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். காலையில் படம் எடுக்கும்போது அம்மா அலறிய அலறலில், இவள்தான் அவன் கையைத் தட்டிவிட்டாள். "போதும், நிறுத்துங்க! நீங்கல்லாம் மனுஷங்கதானா?" அவன் அவளையே பார்த்தான்... பிறகு கருவியை நகர்த்திவிட்டான்.

"புற்றுல உடைஞ்ச எலும்ப முழுசாப் பார்க்காம கை வைக்கக் கூடாதுன்னு தெரியாதா உனக்கு?" டாக்டர் சீறினார். அவன் தலை குனிந்தான்.

ஒரு வார்த்தை சொன்னால் போதும்... அண்ணன் முன்னால், இத்தனை பேர் முன்னால், வீம்பு அவள் வாயைக் கட்டிப்போட்டது.

மறுபடி எக்ஸ்ரே அறை. கதிர் படாமலிருக்க அவன் நீட்டிய ஈய அங்கியை வெடுக்கென்று வாங்கி மாட்டிக்கொண்டு, சின்னவள் அம்மாவின் தோளைப் பிடித்தாள்.

"அம்மா, வாய்க்கு வந்தபடி என்னைத் திட்டுங்க. நீங்க மூச்சு வாங்கறதுக்குள்ள முடிச்சிடறேன்," என்றான் எக்ஸ்ரேக்காரன்.

"பாவி... கட்டையில போறவனே... கல்யாணம் ஆயிடுச்சாடா உனக்கு?"

"இல்லம்மா."

"எப்படி ஆகும்? இந்த மூஞ்சிக்கு... ஐயோ!"

"முடிஞ்சிடுச்சும்மா."

அம்மா அழுகையோடு சிரித்தாள். சின்னவள் நிமிர்ந்தாள். அவன் கண்கள் கலங்கியிருந்தன. இவனையா மனுஷனா என்று கேட்டோம்?

படத்தில், முட்டிக்கு மேலே, கரையான் அரித்ததுபோல் இன்னொரு பொத்தல்.

"சின்னக் கம்பி போட்டிருந்தா அதுக்குக் கீழ மறுபடி உடைஞ்சிருக்கும்," என்றார் எலும்பு டாக்டர். "இடுப்புலேர்ந்து முட்டி வரைக்கும் நீளக் கம்பிதான்."

"இவ்வளவும் பண்ணி எத்தனை நாள் டாக்டர்?" அண்ணன் கேட்டான். "இருக்கறவரைக்கும் நிம்மதியாப் படுத்திருக்கட்டுமே..."

"ஆறு மாசம் இருக்கலாம். குறையவும் செய்யலாம்," என்றார் டாக்டரம்மா. "நாளைக் கூட்டறதுக்கு இல்ல இந்த ஆபரேஷன். உடைஞ்ச காலோட திரும்பிப் படுக்கறதே நரகம். கம்பி போட்டு, காயம் ஆறினதும் புத்துக்குக் கரன்ட், அதாவது கதிர்வீச்சு வெச்சா, எழுந்து உட்காரலாம். அவங்களையே கேளுங்க."

கேட்டார்கள். அம்மா யோசிக்கவே இல்லை. "பாத்ரூமுக்கு நானே போகணும். அதுக்கு எந்தக் கம்பியோ, அதைப் போடச் சொல்லு."

ஆபரேஷன் முடிந்த பதினோராம் நாள், அம்மா வாக்கரைப் பிடித்து ஏழடி நடந்து, பாத்ரூம் கதவைத் தானே சாத்திக்கொண்டாள். வெளியே சின்னவள் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். ஆறு மாதம்... அதில் பதினொரு நாள் போய்விட்டது.

"எக்ஸ்ரேக்காரருக்கு மெமோவாம்," என்றாள் அருகில் நின்ற நர்ஸ். "அஜாக்கிரதைன்னு. வேற ஊருக்குத் தூக்கி அடிச்சிடுவாங்க போல."

சின்னவள் அப்போதே தாளும் பேனாவும் வாங்கினாள். ஆஸ்பத்திரிக் கண்காணிப்பாளருக்கு, தேதி, பெறுநர், பொருள் என்று வரிசை தவறாமல் எழுதினாள். படம் பாதியில் நின்றதற்கு நானே காரணம், என் கையால் தடுத்தேன், சபையில் அதைச் சொல்லாமல் இருந்ததும் என் குற்றம். எழுதியதை எடுத்துக்கொண்டு அவன் அறைக்குப் போனாள்.

அவன் இரண்டு முறை படித்தான். "இத அனுப்பாதீங்க. தடுத்தது நீங்க... நிறுத்தினது நான்தானே?"

"ஏன் நிறுத்தினீங்க? தினம் எத்தனை பேர் கத்தறாங்க! எல்லாருக்குமா நிறுத்தறீங்க?"

"இல்ல..." அவன் தரையைப் பார்த்தான். "பதினாலு வருஷத்துல யாருக்கும் நிறுத்தினதில்ல. அன்னிக்கு உங்க கண்ணப் பார்த்தேன்... கை ஓடல. இத விளக்கம்னு எப்படி எழுதிக் கொடுக்கறது?"

வெளியே மழை வலுத்தது. அவள் கடிதத்தை அவனிடமிருந்து திரும்ப வாங்கிக்கொண்டாள்.

"அம்மா இன்னும் கொஞ்ச நாள்தான்... அப்புறம் இந்த ஆஸ்பத்திரிக்கு நான் வர எந்தக் காரணமும் இருக்காது." என்றாள். "நீங்க இருந்தா வருவேன். அப்பவும் வருவேன். அதனால உங்கள யாரும் இங்கேர்ந்து மாத்தக் கூடாது."

அவன் நிமிர்ந்தான். மேசையிலிருந்த பசைப் புட்டியை அவள் பக்கம் நகர்த்தினான்.

அவள் கடிதத்தை மூன்றாக மடித்து உறையிலிட்டாள். பசை தடவி, மடிப்பைக் கட்டைவிரலால் அழுத்தித் தேய்த்தாள். படியிறங்கிப் போய், கண்காணிப்பாளர் அலுவலகத்துத் தபால் பெட்டிக்குள் நழுவவிட்டாள்.